ஓடும் படம் உரைக்கும் சான்று

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இருபதாம் நூற்றாண்டின் வானூர்தியும் போரும் பொதுவாழ்வும் பழைய படச்சுருள்களில்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும், வேடிக்கைப் படங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பொழுது போகும் என்று எண்ணி வந்தவர்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. ஆயினும் நான் இங்குப் பேச வந்தது வேறு. இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் ஒரு படக்கருவி இருக்கின்றது. காலையில் ஒரு காட்சி வருகின்றது. மாலைக்குள் நாடு முழுதும் அதைப் பார்த்துவிடுகின்றது. 'கண்ணால் கண்டேன், பிறகென்ன ஐயம்?' என்று கேட்கின்றனர். அந்தக் கேள்விக்குத்தான் விடை தேட வேண்டியிருக்கின்றது. அதைத் தேடுவதற்கு ஏற்ற இடம் பழைய படங்களே. ஏனெனில் அவற்றை ஆராய்ந்து முடித்தவர்கள் இருக்கின்றனர்; அவற்றின் மெய்யும் பொய்யும் வெளிப்பட்டுவிட்டன.

1895ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள், பாரிசு நகரில் ஓடும் படத்தை மக்கள் பணம் கொடுத்துப் பார்த்தனர். உலூமியேர் உடன்பிறந்தார் அதைக் காட்டினர். அடுத்த ஆண்டு சூலைத் திங்களிலேயே அது மும்பைக்கு வந்துவிட்டது. அதை எல்லாரும் ஒரு விளையாட்டாகவே கருதினர். போலந்து நாட்டவர் ஒருவர் மட்டும் அப்படிக் கருதவில்லை. அவர் பெயர் போலசுலாவ் மத்துசெவ்சுக்கி. அவர் 1898இல் பாரிசில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஓடும் படம் வரலாற்றுக்குப் புதியதோர் ஊற்று; ஆகவே நூல்களுக்கு நூலகம் இருப்பது போலப் படங்களுக்கும் ஒரு காப்பகம் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. படம் பிறந்து மூன்றாண்டுகூட நிறையாத காலத்தில் ஒருவர் இப்படிச் சிந்தித்திருக்கின்றார் என்றால் வியப்பன்றோ!

அவர் வெறும் கற்பனையில் அதை எழுதவில்லை. 1897இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் பெலிக்சு போர் உருசியாவுக்குச் சென்றிருந்தபோது, அவர் அந்நாட்டுக் கொடிக்கு வணக்கம் செலுத்தத் தவறினார் என்றொரு பேச்சு எழுந்தது. இரு நாட்டு நட்பில் நஞ்சு கலக்கக்கூடிய பேச்சு அது. மத்துசெவ்சுக்கி எடுத்திருந்த படத்தை ஓட்டிக் காட்டினர். தலைவர் வணங்கியது அதில் இருந்தது. பேச்சு அடங்கியது. ஒரு படச்சுருள் அரசுகளுக்கிடையே சான்று சொன்ன முதல் வழக்குகளில் இதுவும் ஒன்று.

ஆக, படம் சான்று சொல்லும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வழக்குமன்றத்தில் சான்று சொல்ல வருபவரை என்ன செய்கின்றார்கள்? அவர் பெயர் கேட்கின்றார்கள், ஊர் கேட்கின்றார்கள், நிகழ்ச்சி நடந்தபோது எங்கே நின்றாய் என்று கேட்கின்றார்கள், உனக்குக் கூலி கொடுத்தவர் யார் என்று குறுக்கே மறித்துக் கேட்கின்றார்கள். படத்திடம் மட்டும் நாம் எதையும் கேட்பதில்லை. அது ஓடுகின்றது, நாம் பார்க்கின்றோம், அவ்வளவுதான்.

வானூர்தியிலிருந்து தொடங்குவோம். 1903ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் கடற்கரை மணல்மேட்டில் இரைட்டு உடன்பிறந்தார் முதன்முதலாகப் பறந்தனர். முதற் பறப்பு 12 நொடி; தொலைவு 120 அடி. நம்மூர்த் தெருவொன்றின் பாதி நீளம்தான். மாந்த இனத்தின் வரலாற்றை மாற்றிய அந்தப் பன்னிரண்டு நொடியை எந்த ஓடும் படமும் எடுக்கவில்லை. ஓர் அசையாப் படம் மட்டும் உண்டு. கருவியை நிறுத்தி வைத்தவர் ஆர்வில். அதன் குமிழை அழுத்தியவர், கரையோர உயிர்மீட்பு நிலையத்தில் வேலை பார்த்த தானியல்சு என்னும் தொழிலாளி. அன்றைக்கு முன் அவர் படமெடுத்தவரே அல்லர். தொலைக்காட்சியில் 'முதற் பறப்பு' என்று ஓடும் படமாக எதையேனும் காட்டினால், அது பின்னாளில் எடுத்தது என்று அறிக. 1908இல் அவர்கள் பிரான்சு நாட்டில் பறந்து காட்டிய பிறகுதான் அவர்களைப் பற்றிய ஓடும் படங்கள் பெருகின.

1909ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் உரோம் நகருக்கு அருகே வில்பர் இரைட்டு ஒரு படப்பிடிப்பாளரையும் தம்மோடு ஏற்றிக்கொண்டு பறந்தார். பறக்கும் வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட முதற்படம் அதுவே. இன்றும் அதைப் பார்க்கலாம். நிலம் விலகித் தாழ்கின்றது. பழைய உரோமர் கட்டிய நீர்வழிச் சுவரின் இடிபாடுகள் கீழே நகர்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையும் ஆறாண்டுப் புதுமையும் ஒரே சட்டத்துள் அமைந்த காட்சி. அதில் பொய் ஏதுமில்லை.

இன்னொரு படம் உண்டு. அதைச் சொல்லவும் நெஞ்சு கூசுகின்றது. 1912ஆம் ஆண்டு பிப்பிரவரி 4ஆம் நாள், பாரிசில் தையற்றொழில் செய்துவந்த பிரான்சு இரைசெல்ட்டு என்பவர், தாம் தைத்த வான்குடை உடையை அணிந்துகொண்டு ஈபெல் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறினார். உயரம் 57 மீட்டர். பாவையொன்றைத் தள்ளிப் பார்ப்பதாகச் சொல்லிக் காவல்துறையின் இசைவு பெற்றிருந்தார். இறுதியில் தாமே குதிப்பதாகச் சொல்லிவிட்டார். இதழாளர்கள் கூடியிருந்தனர், படக்கருவிகளும் இருந்தன. அவர் விளிம்பில் நின்று தயங்குகின்றார். காலை எடுக்கின்றார், மீண்டும் வைக்கின்றார். அந்தத் தயக்கம் முழுவதும் படத்தில் இருக்கின்றது. பின்னர்க் குதிக்கின்றார். குடை விரியவில்லை. அவர் விழுந்த இடத்தில் மண்ணில் ஏற்பட்ட பள்ளத்தை அலுவலர்கள் அளந்து பார்ப்பதோடு படம் முடிகின்றது.

அந்தத் தையற்காரர் ஏன் தயங்கினார், ஏன் குதித்தார்? படக்கருவிகள் அங்கு இல்லாதிருந்தால் குதித்திருப்பாரா? இக்கேள்வியை என்னால் விலக்க முடியவில்லை. படக்கருவி ஓரமாக நின்று பார்க்கும் வழிப்போக்கன் அன்று. நிகழ்ச்சிக்குள் அதுவும் ஓர் ஆளாக நிற்கின்றது. இன்று ஓடும் தொடர்வண்டியின் முன் நின்று தன்னையே படமெடுத்துக்கொண்டு உயிரிழக்கும் இளைஞரைப் பற்றி நாளிதழில் படிக்குந்தோறும் அந்தத் தையற்காரரே என் நினைவுக்கு வருகின்றார்.

இனிப் போருக்கு வருவோம். முதலாம் உலகப் போரில் சோம் ஆற்றங்கரைப் போர் 1916ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கியது. அந்த ஒருநாளில் மட்டும் பிரித்தானியப் படையில் வீழ்ந்தவரும் புண்பட்டவரும் காணாமற் போனவருமாக 57,470 பேர். அவருள் இறந்தவர் 19,240 பேர். ஒரு பகல் வெளிச்சத்தில் நடந்த கணக்கு இது! மாலின்சு, மெக்டோவல் என்னும் இருவர் அங்குப் படமெடுத்தனர். அப்படம் ஆகத்துத் திங்களிலேயே இலண்டனிலும் பிற ஊர்களிலும் திரையிடப்பட்டது. போர் அப்போது நடந்துகொண்டேயிருந்தது. முதல் ஆறு கிழமைகளில் ஏறத்தாழ இரண்டு கோடி நுழைவுச் சீட்டுகள் விற்றன. தாய்மார்கள் தம் மக்களின் முகம் திரையில் தெரியாதா என்று தேடிச் சென்றனர்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி உலகறிந்தது. படைஞர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்கின்றனர். ஒருவன் ஏறும்போதே சரிந்து விழுகின்றான். மற்றவர்கள் முட்கம்பியைத் தாண்டிப் புகைக்குள் மறைகின்றனர். போர் என்றாலே இக்காட்சியைத்தான் இன்றுவரை எல்லா நாட்டுத் தொலைக்காட்சிகளும் எடுத்துக் காட்டுகின்றன. அது போரே அன்று! போர்முனைக்குப் பின்னால், படைப்பயிற்சிக் கூடமொன்றில் நடிக்க வைத்து எடுத்தது. இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தார் பின்னாளில் அதை நுணுகி ஆராய்ந்தனர். பாய்கின்றவர்களின் முதுகில் மூட்டையில்லை. உண்மைப் போரில் அந்த இடத்தில் கருவியை நட்டு நின்றவன் ஒரு நொடிகூட உயிரோடு இருந்திருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்து விழுந்து கிடக்கின்ற ஒருவன் வசதியாகக் காலைக் குறுக்கே மடித்துப் போட்டுக்கொள்கின்றான்! நூற்றுக்கணக்கான முறை பார்த்தவர்களும் இதைக் கவனிக்கவில்லை. பார்ப்பதும் காண்பதும் வேறு வேறு என்று இதனாலன்றோ சொல்கின்றோம்.

இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் படம் முழுதும் பொய்' என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படற்க. அதே படத்தில், அதே மாலின்சு எடுத்த வேறொரு காட்சி இருக்கின்றது. சூலை முதல் நாள் காலை 7.20 மணிக்கு ஆத்தார்ன் மேட்டின் அடியில் வைத்த வெடிமருந்து வெடித்து நிலமே வானத்தில் எழுகின்ற காட்சி. அது முழு உண்மை. குண்டு விழும் பதுங்குகுழியில் தன் தோழனை முதுகில் சுமந்துகொண்டு ஒருவன் படக்கருவியை நேரே பார்த்தபடி நடந்து வருகின்றான். சுமக்கப்பட்டவன் குழியை அடைந்த அரைமணி நேரத்தில் இறந்துவிட்டான் என்று படத்தின் எழுத்தட்டையே சொல்கின்றது. அந்தச் சுமந்தவனின் கண்களை எந்த நடிகனும் நடித்துக் காட்ட இயலாது. பெரும்பகுதி மெய், சிறுபகுதி பொய். ஆனால் உலகம் பொறுக்கியெடுத்துப் போற்றுவது அந்தப் பொய்ப் பகுதியைத்தான்! ஏனென்றால் அதுதான் போர் எப்படியிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகின்றோமோ அப்படியிருக்கின்றது. 2005இல் யூனெசுக்கோ இப்படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது, சேர்த்தது முறையே. பொய்யும்கூட, அது பொய்யென்ற குறிப்போடு காக்கப்படுமானால் வரலாற்றுக்கு உதவும்.

உருசியாவிலும் இதே கதை. 1917இல் பனிக்கால அரண்மனை பிடிக்கப்பட்ட இரவை ஒருவரும் படமெடுக்கவில்லை. பத்தாண்டுக்குப் பின் ஐசன்சுட்டைன் 'அக்தோபர்' என்னும் கதைப்படத்துக்காக அதை ஆயிரக்கணக்கான மக்களை வைத்து எடுத்தார். 1928இல் வெளிவந்த அந்தப் படத்தின் துண்டுகளே பின்னாளில் ஆவணப்படங்களிலும் பாடநூல்களிலும் உண்மை நிகழ்ச்சி போல் இடம்பெற்றன. உண்மையில் நடந்ததைவிட நடித்தது பெரிதாக இருந்தமையால் நடித்தது வென்றது.

படைத்துறையினர் படக்கருவியைப் பரப்புரைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. தம் ஆட்கள் சொல்வது மெய்தானா என்று பார்க்கவும் பயன்படுத்தினர். போர் வானூர்தியின் இறக்கையில் ஒரு சிறு படக்கருவியைப் பொருத்துவர். வலவன் சுடும் பொத்தானை அழுத்தினால் துப்பாக்கியோடு சேர்ந்து அதுவும் ஓடும். 'வீழ்த்தினேன்' என்று அவன் வந்து சொன்னால், படத்தைக் கழுவிப் பார்ப்பர். இதற்கு எவ்வளவு தேவையிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். 1940ஆம் ஆண்டு செபுதம்பர் 15ஆம் நாள் பிரித்தானிய வான்படை 185 செருமன் வானூர்திகளை வீழ்த்தியதாக அறிவித்தது. போருக்குப் பின் செருமன் கணக்குகளைப் பார்த்தபோது அந்த எண் ஏறத்தாழ 60 என்று தெரிந்தது. வலவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று பொருளன்று. ஒரே வானூர்தியை மூவர் சுட்டு மூவரும் தம் கணக்கில் எழுதிக்கொண்டனர். விரைவும் அச்சமும் உள்ள இடத்தில் கண் அப்படித்தான் பார்க்கும்.

எனினும் அந்தக் காலத்தில் வானூர்தி, படை, பொதுவாழ்வு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் காட்டிய படம் என்றால் அது 'இண்டன்பர்க்கு' என்னும் வான்கப்பல் எரிந்த படமே. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

அது 245 மீட்டர் நீளம். இரண்டு இலக்கம் கனமீட்டர் நீரகவளியை அடைத்து மிதக்கவிட்ட கப்பல். நீரகம் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாத ஈலியவளி அமெரிக்காவிடம் இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை வெளிநாட்டுக்கு விடாமல் அமெரிக்கா தடுத்து வைத்திருந்தது. வால்பகுதியில் நாசிகளின் சின்னம் எழுதிய அக்கப்பல் பொதுமக்களை ஏற்றிச் செல்வதற்கே கட்டப்பட்டது என்றாலும், 1936ஆம் ஆண்டு மார்ச்சில் இட்லரின் வாக்கெடுப்புக்காகச் செருமனி முழுதும் சுற்றி வந்தது; அதே ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கு அரங்கின் மேல் மிதந்து காட்டியது. ஓர் அரசின் செருக்கு வானத்தில் மிதந்துகொண்டிருந்தது என்க.

1937ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மாலை 7.25 மணியளவில், நியூசெர்சி மாநிலத்து இலேக்கர்சுட்டு என்னும் இடத்தில் இறங்க வந்தபோது தீப்பற்றியது. அரைமணித்துளிக்குச் சற்று மேல். அவ்வளவில் கப்பல் முழுதும் எலும்புக்கூடாகித் தரையில் கிடந்தது. ஏறியிருந்தவர் 97 பேர். அவருள் 35 பேரும், தரையில் நின்ற தொழிலாளி ஒருவருமாக 36 பேர் மாண்டனர். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதில் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைப்பர். 62 பேர் பிழைத்தனர்! படம் நெஞ்சில் பதிப்பது வேறு, கணக்கு வேறு என்பதற்கு இதுவே போதும்.

இன்னும் கேளுங்கள். செய்திப்பட நிறுவனங்கள் பலவற்றின் படப்பிடிப்பாளர்கள் அங்கு வரிசையாக நின்றிருந்தனர். ஆயினும் தீப்பற்றிய முதல் நொடி அவர்கள் எவருடைய படத்திலும் இல்லை. தீ எழுந்த பிறகுதான் கருவிகளை அதன்மேல் திருப்பினர். எதனால் பற்றியது என்ற கேள்வி இன்றும் ஆராயப்படுகின்றது என்றால் அதற்கு இதுவும் ஒரு கரணியம். அப்பால், பொதுமக்களுள் ஒருவர் வேறு பக்கத்தில் நின்று தம் சிறு கருவியால் எடுத்த சுருள் ஒன்று பல்லாண்டுக் காலம் வீட்டிலேயே கிடந்தது. 2021இல் அது ஒரு தொலைக்காட்சி ஆய்வுப்படத்தில் இடம்பெற்று அறிஞர்களுக்குப் பயன்பட்டது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நின்றன. பொதுமக்களுள் ஒருவர் மறுபக்கத்தில் நின்றார். இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

அப்படத்தோடு ஒரு குரல் வரும். விம்மி, உடைந்து, அழுதுகொண்டே நிகழ்ச்சியைச் சொல்லும் குரல். எர்பர்ட்டு மோரிசன் என்னும் சிக்காகோ வானொலியாளர் குரல் அது. பலரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே படத்தைப் பார்த்திருக்கின்றனர். ஆனால் அவருக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை! அவர் தனியே ஒலித்தட்டில் பதிவு செய்தார். அது மறுநாள் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. படங்கள் வேறு நிறுவனங்களுடையவை. பிற்காலத்தில் எவரோ இரண்டையும் ஒட்டினர். இரண்டும் மெய்யே, ஒட்டு மட்டும் செயற்கை. ஆயினும் ஒட்டிய பிறகு பிரிக்க முடியவில்லை. அந்தக் குரலில்லாமல் பார்த்தால் எரிகின்ற ஒரு கப்பல். குரலோடு பார்த்தால் நெஞ்சைப் பிளக்கும் துயரம்.

பெருமக்களே! என் உரையின் நடுத்தண்டு இந்த இடம்தான். காட்சியை எவர் எடுத்தார் என்பதைவிட, அதன்மேல் எவர் குரல் ஒலிக்கின்றது என்பதே பொருளை முடிவு செய்கின்றது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் ஒருவர், செருமன் படைகள் அணிவகுத்து நடக்கும் காட்சிகளை எடுத்து, முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, ஒரு நாட்டியப் பாட்டின் இசையைச் சேர்த்தார். அச்சமூட்டுவதற்காக எடுத்த படம் சிரிப்பூட்டும் கூத்தாகிவிட்டது. அதே படைஞர்கள், அதே கால்கள்!

இந்நாட்டு மக்களின் நிலையென்ன? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கு எடுக்கப்பட்ட செய்திப்படங்களில் பெரும்பாலானவை வெள்ளையர் நிறுவனங்கள் எடுத்தவை. ஆளுநர் வந்தார், யானை ஊர்வலம் போயிற்று, மக்கள் ஓரத்தில் நின்று வணங்கினர், இவற்றின்மேல் இலண்டன் குரல் ஒலித்தது. பிரித்தானியப் பாத்தே நிறுவனம் 2014இல் 85,000 படங்களை யூடியூபில் வெளியிட்டது. பாராட்ட வேண்டிய செயல்தான். ஆனால் அவற்றில் நம் பாட்டன் பாட்டியர் முகங்கள் தெரியும்போதெல்லாம் அவர்கள் பேசுவதில்லை என்பதை நோக்குங்கள். வேறொருவர் அவர்களைப் பற்றிப் பேசுகின்றார்.

அரசு நடத்திய செய்திப்படத் துறையும் இங்கு ஒன்று இருந்தது. போர்க்காலத்தில், 1943இல் தொடங்கியது. மக்கள் பேராளர்கள் அதை வெள்ளையரின் போர்ப்பரப்புரைக் கருவியென வெறுத்தமையால் 1946இல் மூடப்பட்டது. வெறுத்ததில் குற்றமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, 1947 ஆகத்து 15 வந்தபோது, அந்த நள்ளிரவைப் படமெடுக்க அரசுக்கென்று ஒரு படப்பிரிவே இல்லை! தனியாரும் வெளிநாட்டாரும் எடுத்தவற்றைக் கொண்டே பின்னாளில் அந்நாளைப் பார்க்க வேண்டியதாயிற்று. 1948இல்தான் படப்பிரிவு மீண்டும் அமைந்தது. அதன் செய்திப்படங்கள் மும்பையில் எழுதப்பட்டுப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. நம் திரையரங்குகளில் கதைப்படத்துக்கு முன் அவை ஓடியதை முதியோர் நினைவில் வைத்திருப்பர். தமிழ்தான் ஒலித்தது, ஆனால் வேறு மொழியின் எலும்பில் போர்த்திய தமிழ்.

இந்த இருளுக்கு நடுவே ஒரு தமிழர் செய்த செயலைச் சொல்லாமல் போனால் நான் நன்றி மறந்தவனாவேன். கோட்டையூர் ஏ. கே. செட்டியார். 1937ஆம் ஆண்டு அக்தோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அமர்ந்திருந்த அந்த இளைஞருக்குக் காந்தியடிகள் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அகவை இருபத்தாறுகூட நிறையவில்லை. காந்தியடிகளைப் புதிதாகப் படமெடுப்பது மட்டும் அவர் நோக்கமன்று. உலகெங்கும் பல்வேறு நிறுவனங்களிடமும் தனியாரிடமும் கிடந்த பழைய சுருள்களைத் தேடித் திரட்டினார். நாடு நாடாகச் சென்றார். போர் மூண்டுவிட்ட காலம். ஏறத்தாழ 50,000 அடிச் சுருள் சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடிப் படமாகத் தொகுத்துத் தமிழ் விளக்கவுரையோடு 1940இல் வெளியிட்டார். இந்தியத் தலைவர் ஒருவரைப் பற்றிய அப்படியொரு படம் முதலில் தமிழில்தான் பேசிற்று. அந்நிறுவனங்கள் எடுத்தபோது அக்காட்சிகளின்மேல் எவர் குரல் இருந்ததோ, அதை விலக்கித் தம் மொழியின் குரலை ஏற்றினார் செட்டியார்.

அந்தத் தமிழ்ப்படம் எங்கே? மூலப்படி தொலைந்துபோயிற்று. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சுருக்கி வெளியிட்ட வடிவத்தின் படி அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்ததை அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நமக்குத் தெரியப்படுத்தினார். அதாவது, குரலை மாற்றினாரே, அந்தக் குரல் போய்விட்டது. 'கீசகவதம்' என்னும் நம் முதல் ஊமைப்படமும் இல்லை. தமிழ்நாட்டில் படத்தொழில் இவ்வளவு பெருகியும், அதன் தொடக்கப் பக்கங்களைக் கிழித்தெறிந்த ஏடு போல நாம் வைத்திருக்கின்றோம்.

ஏன் தொலைந்தன என்று கேட்பீர்கள். அக்காலச் சுருள்கள் நைட்டிரேட்டு என்னும் பொருளால் ஆனவை. வெடிமருந்துக்கு உறவான பொருள் அது. பற்றினால் அணையாது, எரிவதற்கு வேண்டிய உயிர்வளி அதற்குள்ளேயே இருப்பதால் நீரில் அமிழ்த்தினாலும் எரியும். 1950களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ சுருள்களை, அவற்றில் பூசிய வெள்ளிக்காக உருக்கிவிட்டனர். எஞ்சியவற்றைத் தீ உண்டது. 1978ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் நாட்டு ஆவணக் காப்பகத்திலேயே, யுனிவர்சல் செய்திப்படங்கள் 126 இலக்கம் அடி எரிந்தன. செல்வம் கொழிக்கும் நாட்டில்! 2003ஆம் ஆண்டு சனவரியில் புனே திரைப்படக் காப்பகத்தின் நைட்டிரேட்டுச் சுருள்கள் தீக்கிரையாயின. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியவர்கள் தெரிந்தே கொளுத்தினார்கள். படச்சுருள்களைப் பெரும்பாலும் கவலையின்மையே கொளுத்திற்று. சாம்பலில் வேறுபாடில்லை.

இன்று புதியதோர் இக்கட்டும் சேர்ந்துள்ளது. பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுகின்றனர். 2018இல் பீட்டர் சாக்சன் என்னும் நியூசிலாந்து இயக்குநர், முதலாம் உலகப் போர்ப் படங்களின் ஓட்டத்தைச் சீராக்கி, வண்ணமூட்டி, படைஞர் வாயசைவைப் படித்துச் சொல்ல வல்லாரைக்கொண்டு அவர்களுக்குக் குரலும் கொடுத்தார். பழைய படத்தில் மக்கள் குதித்துக் குதித்து நடப்பது அவர்கள் அப்படி நடந்ததாலன்று. கையால் சுழற்றி நொடிக்குப் பதினாறு அளவில் எடுத்ததை இருபத்துநான்காக ஓட்டுவதால் வரும் கேடு அது. அதைத் திருத்தியது நன்று. ஆனால் கண்ணின் நிறமும் கூரையின் நிறமும் சுருளில் இல்லாதவை. ஒருவர் முடிவு செய்து பூசியவை. அவராவது ஆராய்ந்து, சொல்லிச் செய்தார். இப்பொழுது கணிப்பொறி ஒரு மணித்துளியில் பூசித் தருகின்றது. இல்லாத காட்சியையே படைத்தும் தருகின்றது. அதன் கீழே எவர் பெயரும் இருப்பதில்லை.

1914ஆம் ஆண்டு செபுதம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. இருட்டில் நடந்ததை அக்காலப் படக்கருவி எடுத்திருக்கவும் இயலாது. ஆனால் நம் மக்கள் அதை மொழியில் எடுத்து வைத்தார்கள். 'ஆள் எம்டனப்பா' என்று இன்றும் ஊர்ப்புறத்தில் சொல்கின்றார்கள். படமில்லாத காலத்தில் சொல் காத்தது. அந்த நினைவாற்றல் உள்ள மக்கள், சுருள் கையில் கிடைத்த காலத்தில் அதைப் பரணில் போட்டுவிட்டுப் போனார்களே என்பதுதான் என் வருத்தம்.

பரண் என்றேன். நம் வீடுகளில், குறிப்பாக மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, பருமா சென்று மீண்டவர் வீடுகளில், எட்டு மில்லிமீட்டர் சுருள்கள் தகரப் பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. திருமணம், வானூர்தி நிலையத்தில் வழியனுப்பு, ஊர்க்கூட்டம், மொழிப்போராட்ட ஊர்வலம், ஒருவர் மேடையேறிப் பேசுவது. இலேக்கர்சுட்டில் மறுபக்கத்தில் நின்றவரின் சுருள் போன்றவை அவை. இவற்றை எந்தச் செய்திப்பட நிறுவனமும் எடுத்திருக்கவில்லை. பெட்டியைத் திறக்கும்போது காடி நாற்றம் அடித்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அதை மற்றச் சுருள்களிடமிருந்து உடனே பிரித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பழைய படம் காட்டும் பொறியில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டா. சுருங்கிய சுருள் அறுந்துபோகும். கணிப்பதிவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பதிவு செய்த பின்னும் மூலச்சுருளை எறியாதீர்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. அதற்குப் பணமே வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமர்த்திக்கொண்டு, எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, இடப்பக்கத்தில் நிற்பவர் எவர், அவர் அன்று என்ன சொன்னார் என்று கேட்டு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். ஒலியில்லாத சுருளுக்கு அந்தத் தாள்தான் குரல். நீங்கள் எழுதாவிட்டால் ஐம்பது ஆண்டுக்குப் பின் வேறெவரோ எழுதுவார். பின்வரிசை இளைஞர்களில் மூவர் இதற்கென ஒரு குழு அமைக்க முன்வந்திருப்பதாக அவைத்தலைவர் சற்றுமுன் சொன்னார். அவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கட்டும். எழுதுவதற்கான படிவமொன்றை அணியமாகக் கொண்டுவந்திருக்கின்றேன்.